உப்பைக் காக்கும் சுரப்பி
(பருவ விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடியில் உப்பைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். குஜராத்திற்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உப்பு மிகுதியாக விளைவது இக்கடற்கரையில்தான். முள்ளக்காடு, வேப்பலோடை, தருவைக்குளம், ஆறுமுகநேரி என எப்பக்கம் சென்றாலும் வெண்குவியல்கள் கண்ணிற்படும். பாத்தியில் கட்டிய நீர் வெயிலில் வற்றி உப்பாகும் விதத்தை இங்குள்ள சிறுவரும் அறிவர். ஆனால் அப்பாத்தியில் நின்று உப்பு வாரும் தொழிலாளியின் உடலுக்குள் நடைபெறும் இன்னோர் உப்புக் கணக்கை அறிந்தவர் மிகச் சிலரே.

அளத்து வேலைக்குப் புதிதாக வந்தவரின் வியர்வை முதல் சில நாள்கள் மிகவும் கரிக்கும். ஒன்றிரண்டு வாரங்கள் வெயிலில் உழைத்துப் பழகியபின் அவருக்கு வியர்வை முன்னிலும் பெருகும். அதிலுள்ள உப்போ குறைந்திருக்கும். வியர்வைக் குழாயிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் உப்பை மீட்டுக் குருதிக்கே திருப்பித் தருமாறு உடல் கற்றுக்கொள்கிறது. அவ்வாறு ஆணையிடும் ஹார்மோனின் பெயர் ஆல்டோஸ்டீரோன். லண்டனில் பணியாற்றிய சில்வியா சிம்சன், ஜேம்ஸ் டெயிட் என்னும் இருவர் 1953-இல், சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்களின் துணையோடு அதனைப் பிரித்தெடுத்தனர்.

இது சுரக்கும் இடம் அட்ரீனல் சுரப்பி. இரண்டு சிறுநீரகங்களின் தலைமீதும் குல்லாய் கவிழ்த்தாற்போல் ஒவ்வொன்று அமர்ந்துள்ளது. எடை நான்கைந்து கிராமுக்கு மேல் இராது. அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. கடலடியில் சுறாவைக் கண்ட முத்துக்குளிப்பவரின் நெஞ்சு படபடப்பது அதனால்தான். எனினும் உட்பகுதி இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். வெளிப்பகுதியாகிய புறணி இல்லாமல் வாழ இயலாது. புறணியின் மேலடுக்கு ஆல்டோஸ்டீரோனையும், நடுவடுக்கு கார்ட்டிசாலையும், கீழடுக்கு சில பாலின ஹார்மோன்களையும் தருகின்றன.

கார்ட்டிசாலின் பணிகள் பல. விடியற்காலையில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் அடித்தளத்திற்கு இறங்கும். உணவு இல்லாத வேளையில் உடலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை உருவாக்கி மூளைக்கு ஊட்டுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. உபவாசம் இருப்பவர் இரண்டாம் நாளும் நிமிர்ந்து அமர்ந்து சொற்பொழிவு கேட்கிறார் என்றால், மனவுறுதியோடு இச்சுரப்பியும் அங்கே உழைக்கிறது என்று பொருள்.

அதன் மற்றொரு பணியை விளக்க இக்கடலின் முத்துச்சிப்பியே போதும். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. அதன்பின் 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: தன்னுள் புகுந்த அயற்பொருளைச் சிப்பி சும்மா விடுவதில்லை, அதனைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசிச் சிறைப்படுத்துகிறது. மனித உடலும் அயற்பொருளைச் சும்மா விடுவதில்லை. ஆனால் அதன் வழி வேறு: சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல். அதையே அழற்சி என்கிறோம். தேவைக்குமேல் மூண்டால் அழற்சி உடலையே எரிக்கும். அதற்குக் கடிவாளம் இடுவது கார்ட்டிசால். ஸ்டீராய்டு மருந்துகள் செய்யும் நன்மையும் தீமையும் இந்த ஒரு கடிவாளத்திலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன.

இச்சுரப்பி அழிந்தால் என்ன நேரும் என்பதை முதலில் தெளிவுற எழுதியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன். 1855-இல் அவர் வெளியிட்ட நூலில் பதினொரு நோயாளிகளைப் பற்றி விவரித்தார். தீராத தளர்ச்சி, மெலிவு, வாந்தி, மயக்கம், அவற்றோடு மேனி கறுத்தல். அவர்களுள் பலரின் அட்ரீனல் சுரப்பியைக் காசநோய் அரித்திருந்தது. மேனாடுகளில் இன்று இந்நோய்க்குக் காசம் அரிதான காரணம். காசம் நீங்காத இந்நாட்டிலோ அது இன்னும் எண்ணத்தக்க காரணமாகவே உள்ளது. வெயிலில் உழைப்போர் நிறைந்த கடற்கரையில் ஒருவர் கறுத்தால் வெயிலைத்தான் எவரும் குறைகூறுவர். ஆனால் வெயில் உள்ளங்கை ரேகைகளைக் கறுப்பாக்காது. ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் தொடாது. அவ்விடங்கள் புதிதாகக் கறுத்து, உடலும் நாளுக்குநாள் தளர்ந்து, எழுந்து நின்றால் தலைசுற்றுமானால் மருத்துவரிடம் செல்வதற்குக் காலம் தாழ்த்தலாகாது.

இந்நோயாளிகளிடம் இன்னோர் அடையாளமும் உண்டு: உப்பின்மீது அடங்காத வேட்கை. 1940-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லாசன் வில்கின்ஸ், கர்ட் ரிக்டர் என்னும் இருவர் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியுள்ளனர். அவன் பிஸ்கட்டின் மேலிருந்த உப்பை நக்கித் தின்பான். உப்பைக் கைநிறைய அள்ளி உண்பான். மழலையில் அவன் முதன்முதல் கற்ற சொற்களுள் ஒன்று ‘உப்பு’. மருத்துவமனையில் சேர்த்தபின் எல்லாக் குழந்தைகளுக்கும் அளிக்கும் உணவையே அவனுக்கும் அளித்தனர். ஒரு வாரத்தில் அவன் இறந்தான். புறணி அழிந்திருந்த அச்சிறுவன் அத்தனை காலமும் தன் உயிரைத் தானே உப்பால் காத்து வந்தான் என்பது பிறகே விளங்கிற்று. இச்செய்தியைச் சற்றே நினைவில் இருத்துதல் நன்று. நோன்பைப் பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

இனி மருந்தின் கதை. அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டாலும் சுவிட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டீனும் மாட்டின் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து புறணி ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தனர். 1948 செப்டம்பரில் மேயோ மருத்துவமனையின் ஃபிலிப் ஹெஞ்ச், மூட்டு முடங்கிப் படுக்கையில் கிடந்த இளம்பெண் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றாகிய கார்ட்டிசோனை ஊசிவழி செலுத்தினார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நடந்த பெண்ணுக்குப் பின்னர் மருந்தின் தீய விளைவுகளும் வந்தன என்பதைப் பரிசுக் கதைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அகிம்சையைப் போற்றும் அவையில் இம்மருந்தின் மூலப்பொருளைப் பற்றி மறைப்பது முறையன்று. தொடக்கத்தில் அது கொல்களத்து மாடுகளின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் ஆக்கப்பட்டது. பிறகு வேதியியலாளர் ரஸல் மார்க்கர் மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கில் ஸ்டீராய்டுச் சட்டகம் உள்ளதைக் கண்டு அதனை ஹார்மோனாக மாற்றும் வழியைக் காட்டினார். 1952-இல் அப்ஜான் நிறுவன ஆய்வாளர்கள் ரைசோபஸ் என்னும் இனத்துப் பூஞ்சையைக் கொண்டு இடைப்பட்ட கடினமான படி ஒன்றை எளிதாக்கினர், விலை சரிந்தது. ரயில் கற்றாழை இனத்து நார்ச்செடியும் சோயாவும் பின்னர் மூலப்பொருள்களாயின. மாட்டை விட்டுக் கிழங்குக்கு வந்தது ஒரு முன்னேற்றம். கந்தமூலங்களை விலக்கியோருக்கு அதுவும் முழு ஆறுதலன்று. ஆயினும் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தை வைத்த மரபு இது. சமண ஆசிரியராகிய காரியாசான் தம் அறநூலுக்கு ஐந்து வேர்கள் கொண்ட மருந்தின் பெயரையே சூட்டிச் ‘சிறுபஞ்சமூலம்’ என்றார். அவ்வைந்தனுள் ஒன்றாகிய கண்டங்கத்திரியிலும் இதே ஸ்டீராய்டுச் சட்டகம் கொண்ட சோலசோடின் என்னும் பொருள் உண்டு என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. அதற்காகப் பிரட்னிசோலோனுக்கு மாற்றாகக் கண்டங்கத்திரிக் கஷாயம் போதும் என்று எண்ணுவது பெரும் பிழை. செடியிலுள்ள பொருள் ஆய்வகத்தில் பலமுறை மாற்றப்பட்ட பின்னரே அந்த ஹார்மோனாகிறது.

மருந்தின் நன்மையை ஐயுறுவதற்கில்லை. மூச்சுத்திணறல் முற்றிய ஆஸ்துமா, சிறுநீரில் புரதம் ஒழுகும் குழந்தைகளின் நோய், லூபஸ், உடலெங்கும் கொப்புளம் எழும் பெம்பிகஸ், நரம்பைத் தாக்கும் தொழுநோய் எதிர்வினை, மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் — இவர்களுக்கெல்லாம் பிரட்னிசோலோன் உயிர்காப்பு. குறைமாதத்தில் பிறக்கவிருக்கும் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு இவ்வகை ஊசி அளிக்கின்றனர். 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெக்கவரி’ ஆய்வு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே டெக்சாமெத்தசோன் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டிற்று. அந்த மருந்தின் விலையோ அற்பம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கூறிற்று: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை. அந்த இரண்டாம் பாதியைப் பலர் காதில் வாங்கவில்லை. மறு ஆண்டு இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் இம்மாத்திரை விழுங்கப்பட்டது, அளவும் நாளும் மீறப்பட்டன, சர்க்கரை ஏறியது. கருப்புப் பூஞ்சை நோய் பரவி, 2021 மே மாதத்தில் தமிழக அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. அந்நோயை மிகுதியாக உண்டாக்குவது ரைசோபஸ் இனப் பூஞ்சை. மருந்தை மலிவாக்கிய அதே இனம்.

நெடுநாள் உட்கொண்டால் முகம் உருண்டு நிலவுபோல் ஆகும், வயிறு பருத்துக் கைகால் மெலியும், குருதியில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், இடுப்பு மூட்டுப்பந்தின் குருதியோட்டம் தடைப்பட்டு அது சிதைவதும் உண்டு, கண்ணில் புரை விழும். எல்லாவற்றினும் வஞ்சகமானது, தொற்று உள்ளே முற்றும்போதும் காய்ச்சல் தோன்றாமல் மறைந்திருப்பது. மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் கைகண்ட மருந்து என்று விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டுள்ளது. இரண்டு நாளில் பசி பெருகி, வலி மாயமாய் மறைந்து, ஒரு மாதத்தில் முகம் உப்பினால் அப்பொடியை ஐயுற வேண்டும்.

களிம்புகளைப் பற்றியும் ஒரு சொல். வியர்வையிலும் ஈரத்திலும் உழைக்கும் துறைமுகத் தொழிலாளர், மீனவர் ஆகியோருக்குப் படர்தாமரை புதிதன்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கும். தடவினால் அரிப்பு அன்றே அடங்கும். அழற்சி அடங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் படரும். முகம் வெளுக்கத் தடவும் பெண்களுக்குத் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலைத் தாங்காமல் எரியும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்தபின்னும் பழைய சீட்டும் பக்கத்துவீட்டு ஆலோசனையும் தொடர்கின்றன.

இவ்விழாக் காலத்தில் முதன்மையாகக் கூறத்தக்கது இனிதான் வருகிறது.

உடல் ஒரு நாளில் தானே சுரப்பது ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம் கார்ட்டிசால். ஒரு 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் மாத்திரை 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். நாளொன்றுக்கு எட்டு மாத்திரை உண்பவரின் குருதியில் இயற்கை அளவைப் போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் ஹார்மோன் ஓடுகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அதனைக் கண்டு, ‘வேண்டிய அளவு இருக்கிறது’ என்று தன் ஏவலை நிறுத்திவிடுகிறது. ஏவல் இல்லாத அட்ரீனல் புறணி உறங்கத் தொடங்கும். வாரங்கள் சென்றால் சுருங்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உட்கொண்டவர் எவருக்கும் இது நேரலாம். மருந்தை நிறுத்தினாலும் உறங்கிய சுரப்பி உடனே விழிப்பதில்லை. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஓராண்டு ஆகும். ஆதலால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார். அதனை மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வரவழைக்கும் சூழ்ச்சி என்று சிலர் பேசுவது அறியாமை.

இத்தகைய ஒருவர் எட்டு நாளோ பத்து நாளோ உபவாசம் மேற்கொண்டு, வெந்நீர் தவிர வேறெதுவும் வாய்ப்படாது என்ற உறுதியில் மாத்திரையையும் நிறுத்தினால் என்ன ஆகும்? உணவு இல்லை, சேமிப்பிலிருந்து சர்க்கரை ஆக்கும் ஹார்மோனும் இல்லை. முதல் நாள் கடந்துவிடலாம். பிறகு சோர்வு, குமட்டல், வயிற்றுவலி, வாந்தி. அழுத்தம் சரிந்து மயக்கம். இதில் பெரிய இடர் ஒன்றுண்டு: நோன்பாளியின் தளர்ச்சி எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றும். சுற்றியிருப்போர் அதனைத் தவத்தின் களைப்பென்று போற்றிக்கொண்டிருக்க, அவர் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருப்பார்.

உப்பின் செய்தி இன்னும் நுட்பமானது. புறத்தவங்கள் ஆறனுள் ரச பரித்தியாகமும் ஒன்று. பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ துறப்பது அது. ஆயம்பில் நோற்போரிலும் பலர் உப்பை விலக்குகின்றனர். பிரட்னிசோலோன் உண்டு வீக்கமும் இரத்த அழுத்தமும் ஏறியவருக்கு உப்பைக் குறைப்பது பெரும்பாலும் நலமே. ஆனால் அடிசன் நோயாளிக்கு அதே துறவு நஞ்சாகும். அவர் உடலில் உப்பைப் பிடித்து வைக்க ஆல்டோஸ்டீரோன் இல்லை. ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் உணவிலுள்ள உப்புமே அவரைத் தாங்குகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இறந்த சிறுவனுக்குப் பிறர் அறியாமல் செய்ததை அவர் அறிந்தே தமக்குச் செய்துகொள்வார். ஒரே சுரப்பியின் கோளாறு, ஒரே வரிசையில் அமர்ந்த இருவர், நேர்மாறான இரண்டு அறிவுரை. ஆகவே ‘அவர் உப்பை விட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்னும் வாதம் இங்கே செல்லாது.

அதற்காக இவர்களுக்கு நோன்பே இல்லை என்று கதவடைக்க வேண்டியதில்லை. பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்தில் ‘சக்திக்கு ஏற்ப’ என்னும் அடைமொழியைச் சேர்த்தே முன்னோர் வைத்தனர். அச்சொல் வெறும் அலங்காரமன்று. வயிறு நிறைய உண்ணாது சற்றே குறைத்துண்ணும் அவமோதரியம் உண்டு, சுவாத்தியாயம் உண்டு, பிணியுற்ற அறவோருக்குப் பணிசெய்யும் வையாவிருத்தியம் உண்டு. ஒருவேளை உணவு கொள்பவர், காலையில் ஒரே முறை உண்ணும் பிரட்னிசோலோனை அவ்வுணவோடு சேர்த்துக்கொள்ள மருத்துவர் வழிசெய்யக்கூடும். பிற்பகலிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் உண்பவருக்குக் கதிர் மறையுமுன் அதனை முடித்துக்கொள்ளும் நேரத்தை அவரே வகுத்துத் தரலாம். இவையெல்லாம் விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகக் கேட்க வேண்டியவை. விழாவின் மூன்றாம் நாள் மயங்கியபின் அல்ல. தைராய்டு மாத்திரை ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் நேராது, இது அத்தகையதன்று.

இன்னும் சில செய்திகள் வீட்டிலுள்ளோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இந்நோயாளியின் மாத்திரை அளவை வழக்கமாக இரட்டிப்பாக்குவர்; அறுவை சிகிச்சைக்கு முன்பும் ஊசி வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கார்ட்டிசாலை விரைவாகக் கரைத்துவிடும். இரண்டும் உண்பவர் அதனை இரு மருத்துவரிடமும் கூற வேண்டும். இருமலுக்கு மெல்லும் அதிமதுரம் அளவு மீறினால் ஆல்டோஸ்டீரோன் மிகுந்ததைப் போலவே உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவினது. மாத்திரையைப் பற்றிய அச்சத்தால் அதனை நிறுத்தி ஆஸ்துமாவை அழைத்துக்கொள்வது அறிவுடைமையன்று.

ஸ்டீராய்டு உண்பவர் சட்டைப்பையில் மருந்தின் பெயர், அளவு, உண்ணும் காலம் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியாகுமானால் வீட்டில் காத்திருக்கலாகாது. மருத்துவமனையில் முதலில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவர். சிரைவழியே சலைன் ஏற்றுவர். சலைன் என்பது வேறொன்றுமில்லை: ஒரு லிட்டர் தூய நீரில் 9 கிராம் உப்பு.